கட்டு அறுந்த பிறகு பிள்ளை யாருக்கு?



அடிமை வழக்கு என்றதும் தமிழர் நினைவுக்கு முதலில் வருவது திருவெண்ணெய்நல்லூர் வழக்குதான். சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகப் பாடியிருப்பது. மணப்பந்தலில் மாப்பிள்ளைக் கோலத்தில் சுந்தரர் அமர்ந்திருக்கிறார். கிழவர் ஒருவர் ஓலையோடு வந்து, இந்தப் பையன் என் அடிமை, இவனுடைய பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இதோ என்கிறார். மாப்பிள்ளை ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. நீ கிழித்தது படி, மூலம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று ஊர்ச்சபைக்கு இழுத்துப் போகிறார். சபையார் பாட்டனின் பழைய கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகிறது. தீர்ப்பு கிழவர் பக்கம்.

வந்த கிழவர் சிவபெருமான் என்பதால் பக்தர்களுக்கு இது தித்திக்கும் கதை. சட்டம் படித்தவன் கண்ணுக்கு வேறொன்று தெரிகிறது. கையெழுத்து உண்மையா என்று சபை துருவித் துருவிப் பார்த்தது. பாட்டன் போட்ட கையெழுத்து பேரனைக் கட்டுமா என்ற கேள்வியில் சபை அவ்வளவு நேரம் நிற்கவில்லை. கட்டும் என்பது அன்றைய நடைமுறை. கல்வெட்டிலும் அதையே காண்கிறோம். 1201ஆம் ஆண்டு வாக்கில், காலம் பொல்லாததாகி நெல் விலை ஏறிய நேரத்தில், திருப்பாம்புரத்தில் ஒரு வேளாளர் தம்மையும் தம் இரண்டு பெண் மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். பெண்களிடம் யாராவது கேட்டார்களா என்பது கல்லில் இல்லை.

இன்று நான் பேச வந்தது இந்தக் கையெழுத்தைப் பற்றி. பெரியவர் ஒருவர் தம் உழைப்பை எழுதிக் கொடுக்கும்போது பிள்ளையும் அந்த ஓலைக்குள் போய்விடுகிறது. ஓலை செல்லாது என்று ஒருநாள் அரசாங்கம் சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பிள்ளை யாருக்கு? பெற்றவளுக்கா, பழைய எசமானுக்கா, அரசாங்கத்துக்கா? அடிமைமுறை ஒழிந்த நாடுகளில் எல்லாம் விடிந்ததும் எழுந்த முதல் சண்டை இது. நம் மதுரைச் சமவெளியிலும் எழுந்திருக்க வேண்டும். எழுந்ததற்கான தடயம் நீதிமன்றத்தில் இல்லையே, ஏன் என்பதுதான் என் கேள்வி.

முதலில் வெளியூர்க் கதை ஒன்று. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1864 நவம்பர் 1 அன்று புதிய அரசியல் சட்டத்தின் மூலம் அடிமைகளை விடுவித்தது. அந்த வாரமே பழைய எசமானர்கள் வண்டிகளில் கறுப்பினப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, அநாதைகளுக்காக ஏற்பட்ட மாவட்ட நீதிமன்றங்களுக்குப் போனார்கள். இந்தப் பிள்ளைகளை வளர்க்கப் பெற்றவர்களுக்கு வசதி இல்லை, தொழில் கற்றுக்கொடுக்கிறோம், எங்களிடம் பயிற்சிப் பிள்ளைகளாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நீதிமன்றங்கள் ஆயிரக்கணக்கில் எழுதிக் கொடுத்தன. தாயும் தகப்பனும் உயிரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். எலிசபெத் டர்னர் என்ற சிறுமி அப்படித் தன் பழைய எசமானிடமே திரும்பப் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய ஒப்பந்தத்தில், வெள்ளைப் பயிற்சிப் பிள்ளைகளுக்கு எழுதப்படும் எழுத்தறிவு பற்றிய நிபந்தனை விடப்பட்டிருந்தது; அவளை மாவட்டத்துக்குள் இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கவும் இடம் இருந்தது. 1867 அக்டோபரில் தலைமை நீதிபதி சால்மன் சேஸ் அந்த ஒப்பந்தம் செல்லாது, இது பெயர் மாற்றிய அடிமைத்தனம் என்று தீர்ப்பளித்தார். அதற்கு முன்பும் பின்பும் தாய்மார்கள் விடுதலை பெற்றோருக்கான அரசு அலுவலகத்தின் படிகளில் ஏறி இறங்கி, எழுதத் தெரிந்தவர் யாரையாவது பிடித்து மனு எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

மேற்கிந்தியத் தீவுகளில் அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே இதே நாடகம். 1833ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டப்படி 1834 ஆகஸ்ட் 1 அன்று ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் முழு விடுதலை பெற்றார்கள். பெரியவர்கள் மட்டும் பழைய எசமானிடமே சில ஆண்டுகள் 'பயிற்சி'யில் இருக்க வேண்டும். பிள்ளையை வளர்க்க முடியவில்லை என்றால் இருபத்தொரு வயது வரை தோட்டத்துக்கு எழுதிக் கொடுக்கலாம் என்றும் சட்டம் வழி வைத்திருந்தது. தோட்ட முதலாளிகள் காத்திருந்தார்கள். தாய்மார்கள் கொடுக்கவில்லை. தோட்டத்தில் பிள்ளைக்குக் கிடைத்துவந்த உணவும் மருந்தும் நிறுத்தப்பட்டபோதும் மிகச் சிலரே கையெழுத்து வைத்தார்கள். வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் வேலைநிறுத்தங்களில் இதுவும் ஒன்று.

அந்த 1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலப்பகுதிகளுக்குச் செல்லாது என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். இலங்கைக்கும் செல்லாது. தீவுகளின் எசமானர்களுக்கு இரண்டு கோடி பவுன் நஷ்டஈடு கொடுத்த பாராளுமன்றம், இந்தியாவை கவர்னர் ஜெனரலின் கையில் விட்டது. பத்து ஆண்டு கழித்து, எல்லன்பரோ காலத்தில், 1843 ஏப்ரல் 7 அன்று ஐந்தாம் எண் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் மிகச் சிறியது. நான்கே பிரிவுகள். கடனுக்கோ வரிப் பாக்கிக்கோ அடிமை என்று சொல்லி எந்த அதிகாரியும் மனிதனை ஏலம் விடக்கூடாது. அடிமை மீதான உரிமை எதையும் எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தராது. அடிமையாக இருந்தவர் சம்பாதித்த சொத்தை அந்தக் காரணம் காட்டிப் பறிக்கக்கூடாது. சுதந்திர மனிதனுக்குச் செய்தால் குற்றமாகும் எதுவும் அடிமைக்குச் செய்தாலும் குற்றமே. இவ்வளவுதான். இனி அடிமைமுறை கிடையாது என்று ஒரு வரி அதில் இல்லை. அடிமை வைத்திருப்பவருக்குத் தண்டனை இல்லை. விடுதலையானவருக்கு ஒரு குழி நிலம் இல்லை, ஓர் அலுவலகம் இல்லை. பிள்ளை என்ற பேச்சே இல்லை.

ஏன் இவ்வளவு சுருக்கம் என்றால், கம்பெனிக்கு நிலவரி வர வேண்டும். 1819இலேயே சென்னை ரெவின்யூ போர்டு மாவட்டக் கலெக்டர்களிடம் உங்கள் ஜில்லாவில் அடிமைகள் உண்டா, அவர்கள் நிலை என்ன என்று கேட்டு எழுதியது. நஞ்சை உழவு யார் தோளில் நிற்கிறது என்பது கலெக்டர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தோள் விலகினால் கிஸ்தி விழும். அதனால் கம்பெனி தன் கையை மட்டும் விலக்கிக்கொண்டது. எசமான் கை இருந்த இடத்திலேயே இருந்தது.

பழைய முறையில் பிள்ளை எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதற்கு, அப்போது இதே சென்னை மாகாணத்தில் இருந்த மலபாரிலிருந்து ஒரு சாட்சி. 1800இல் அங்கே பயணம் செய்த புக்கானன், அடிமைகளை ஜன்மம், காணம், பாட்டம் என்று மூன்று வகையில் கைமாற்றுவதைப் பதிவு செய்தார். விற்பனை, அடகு, வாடகை. நிலத்துக்கு இருந்த அதே மூன்று. புருஷன் பெண்சாதியைப் பிரிக்கக்கூடாது என்ற வழக்கம் இருந்தது, பிள்ளைகளைப் பிரிக்கத் தடை இல்லை என்றும் எழுதியிருக்கிறார். தாலிக்குக் கிடைத்த மரியாதை தொட்டிலுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது மதுரைச் சமவெளிக்கு வருவோம். 1843க்குப் பிறகு இங்கே பள்ளர், பறையர், சக்கிலியர் குடும்பங்களுக்கு என்ன மாறியது? ஜே. எச். நெல்சன் மதுரையில் அதிகாரியாக இருந்து 1868இல் வெளியிட்ட 'மதுரை நாடு' என்ற பெரிய நூலில், பள்ளர்கள் பேருக்குத்தான் சுதந்திரமானவர்கள், நடப்பில் கிட்டத்தட்ட அடிமைகள் என்றே எழுதுகிறார். சட்டம் வந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. அரசாங்க அதிகாரி அரசாங்கத்துக்காக எழுதிய நூல் அது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

நடந்தது இது. ஓலையின் இடத்துக்குக் கடன் வந்தது. படியாளாகப் போகிறவன் கல்யாணத்துக்கோ சாவுக்கோ பண்ணையாரிடம் ஒரு தொகை வாங்குவான். அதற்கு வட்டி கிடையாது. வட்டிக்குப் பதில் அவனே இருக்கிறான். கடன் தீரும் வரை வேறு பண்ணைக்குப் போகக்கூடாது. படி அளக்கும் கூலியில் கடன் தீர வழியில்லை. இந்த ஏற்பாட்டில் ஓர் ஆளை அமர்த்தினால் ஒரு குடும்பமே வரும். ஆண் ஏர் பிடிப்பான். பெண்சாதி தொழுவம் கூட்டிச் சாணி அள்ளுவாள். மகன் ஆறேழு வயதில் மாட்டின் பின்னால் போவான். அவனுக்குத் தனிச் சம்பளம் கிடையாது. கூழும் பழைய துணியும். தகப்பன் செத்தால் அவன் படியாளாவான், கடனோடு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்த கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களை ஊர் ஊராக அனுப்பித் தொகுத்து 1918இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூலில், தென்னார்க்காட்டு இருவேல்பட்டில் தகப்பன் கடன் மகன் தலையில் ஏறும் படியாள் முறையைக் காணலாம். அது மதுரைக்கு வடக்கே தூரத்து ஊர். ஆனால் முறை ஒன்றுதான்.

சட்டமன்றமும் சும்மா இருக்கவில்லை. எசமானுக்கு உதவி செய்தது. 1859இல் பதின்மூன்றாம் எண் சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். மாஜிஸ்திரேட் பணத்தைத் திருப்பு என்பார், அல்லது வேலைக்குப் போ என்பார். மறுத்தால் 3 மாதம் வரை கடுங்காவல். 1843இல் நீதிமன்றம் அடிமையைப் பிடித்துக் கொடுக்க மாட்டேன் என்றது. 1859இல் கடனாளியைப் பிடித்துக் கொடுக்கிறேன் என்றது. முதலில் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கு வந்து, அரசாணையால் மற்ற பகுதிகளுக்கும் நீட்டிக்கொள்ள இடம் வைத்த இந்தச் சட்டம் ரத்தாக 1925 வரை ஆயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்க 1903இல் சென்னை மாகாணம் தனிச் சட்டமே போட்டது. மதுரை, ராமநாதபுரம் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களைக் கட்டிவைத்தது 'துண்டு'. இந்தக் குடும்பத்தின் கடனைத் தீர்த்தால் ஆளை விடுகிறேன் என்று ஒரு துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. ஒருவன் துண்டில் குடும்பம் முழுக்க அடங்கும். 1921இல்தான் அதை ஒழித்தார்கள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். மேரிலாந்தில் பிள்ளைக்காக ஆயிரம் வழக்கு. மதுரையில் ஏன் இல்லை?

மேரிலாந்து எசமானன் பிள்ளையைப் பிடிக்க நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது, ஏனென்றால் தாய் தகப்பன் கொடுக்க மறுத்தார்கள். மறுக்க முடிந்தது, ஏனென்றால் அவர்களுக்கு எசமானிடம் கடன் இல்லை. மதுரையில் பண்ணையாருக்கு நீதிமன்றமே தேவைப்படவில்லை. தகப்பனே பையனைக் கொண்டுவந்து விட்டான். இன்றும் ஊரில் இப்படித்தானே சொல்கிறார்கள்: பையனைச் சம்பளத்துக்கு விட்டிருக்கேன், ஆடு மேய்க்க விட்டிருக்கேன் என்று. சட்டம் இதைத் தகப்பனின் விருப்பமாகவே படித்தது. 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் அடிமை வாங்குவதும் விற்பதும் 370ஆம் பிரிவுப்படி குற்றம். பிள்ளையைப் பாதுகாவலர் வசத்திலிருந்து கொண்டுபோவது 361ஆம் பிரிவில் வந்தது. ஆனால் அது பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல் கொண்டுபோனால்தான். தகப்பன் சம்மதித்துவிட்டானே! இருபது ரூபாய்க் கடனில் கழுத்து வரை நிற்பவன் கொடுத்த சம்மதத்துக்கும், நிலமும் வீடும் உள்ளவன் கொடுத்த சம்மதத்துக்கும் சட்டப் புத்தகத்தில் ஒரே எடை. தாயின் சம்மதத்துக்கு எடையே இல்லை. தகப்பன் உயிரோடு இருக்கும்வரை பிள்ளைக்கு இயல்பான பாதுகாவலன் அவன் ஒருவனே என்பதுதான் அன்றைய சட்டம். 1890இல் வந்த பாதுகாவலர் சட்டத்தைப் புரட்டுங்கள். மைனரின் சொத்தைக் காப்பதற்கு எத்தனை பிரிவுகள்! சொத்தே இல்லாத மைனருக்காக யாரும் அந்தச் சட்டத்தைத் தேடிப் போகவில்லை.

தஸ்தாவேஜு அறையில் சண்டை இல்லை என்பதால் குடிசையில் சண்டை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பையன் பாதி இரவில் பண்ணையிலிருந்து ஓடி வந்து வீட்டுக் கதவைத் தட்டுவதும், தாய் அவனை உள்ளே இழுத்துக்கொள்வதும், விடிந்ததும் காரியக்காரன் வந்து நிற்பதும், தகப்பன் தலை குனிந்தபடி பையன் கையைப் பிடித்துத் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் நம் தாத்தா பாட்டிகள் சொல்லிக் கேட்ட காட்சிதான். பாதுகாப்புரிமை வழக்கின் எல்லா அங்கமும் அதில் இருக்கிறது. நீதிபதி மட்டும் இல்லை.

சட்டம் ஓடிய இன்னொரு தடத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1850இல் பயிற்சிப் பிள்ளைகள் சட்டம் என்று ஒன்று, பத்தொன்பதாம் எண். பத்து வயதுக்கு மேல் பதினெட்டுக்குள் உள்ள பிள்ளையைத் தகப்பனோ பாதுகாவலரோ ஏழு ஆண்டுகள் வரை ஒரு தொழிலுக்கு எழுதிக் கொடுக்கலாம். அநாதைகளுக்கும் கைவிடப்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்கும் மாஜிஸ்திரேட்டே பாதுகாவலராக நின்று எழுதிக் கொடுக்கலாம். மேரிலாந்து நீதிமன்றங்கள் கையில் வைத்திருந்த கருவி இதேதான். இங்கே நிலத்து எசமானர்கள் அதைப் பெரிதாகத் தொடவில்லை. கடன் போதுமானதாக இருந்தது. ஆனால் சட்டப் புத்தகத்தில் கிடந்த கருவி வீணாகப் போகவில்லை. 1897ஆம் ஆண்டு சீர்திருத்தப் பள்ளிச் சட்டம், பள்ளிக் கண்காணிப்பாளரை 1850 சட்டத்தின் பொருளில் பிள்ளைக்குப் பாதுகாவலர் ஆக்கியது. 1911ஆம் ஆண்டு குற்றப் பரம்பரைச் சட்டம் அதிலிருந்து இந்த ஏற்பாட்டை எடுத்துக்கொண்டது. ஆறு வயதுக்கு மேல் பதினெட்டுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளைக் குற்றப் பரம்பரையாகப் பதியப்பட்ட பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளியில் வைக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் கிடைத்தது. பிள்ளைக்கு என்ன வயது என்பதில் மாவட்ட மாஜிஸ்திரேட் சொன்னதே முடிவு.

இந்தச் சட்டம் யார் வீட்டுக்குள் வந்தது என்று மதுரையில் சொல்ல வேண்டியதில்லை. 1914இல் கீழக்குயில்குடியில் தொடங்கிப் பிரமலைக் கள்ளர் ஊர்களுக்குப் பரவியது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகை பதிய மறுத்தவர்கள் மீது போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் இறந்தார்கள். பிரமலைக் கள்ளர்கள் அடிமைகளாக இருந்தவர்கள் அல்லர். காவலும் நிலமும் உடைய குடிகள். ஆனாலும் அவர்களை இங்கே பேசக் காரணம் உண்டு. ஒரு ஜனத்தின் உழைப்பைக் கட்டுக்குள் கொண்டுவர விரும்பும் அதிகாரம், அவர்களின் பிள்ளை மீது பெற்றோருக்கு உள்ள உரிமையைத்தான் முதலில் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது. மதுரையில் அந்தப் பிரிக்கும் அதிகாரத்தைவிட, ஊருக்குள்ளேயே பள்ளி திறக்கும் வழிதான் வேரூன்றியது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அந்த வழியில் வந்தவை. பிள்ளை காலையில் போய் மாலையில் தாயிடமே திரும்பும் பள்ளி. சந்தேகத்தில் பிறந்த ஏற்பாடு எப்படியோ நல்ல இடத்துக்கு வந்து சேர்ந்தது. சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் 1947இல் ரத்தானது. இதைப் பற்றித் தனியே ஒரு நாள் பேச வேண்டும். இன்று இவ்வளவு போதும்.

பிள்ளையை அடகு வைப்பதை அரசாங்கம் முதன்முதலில் நேராகப் பார்த்தது 1931இல். விட்லி தலைமையில் வந்த ராயல் தொழிலாளர் கமிஷனில் நம் சீனிவாச சாஸ்திரியாரும் ஓர் உறுப்பினர். பீடிக் கொட்டகைகளிலும் கம்பளத் தறிகளிலும், பெற்றோர் வாங்கிய கடனுக்காகப் பிள்ளைகள் உட்கார்ந்து வேலை செய்வதைக் கமிஷன் பார்த்தது. ஐந்து வயதுப் பிள்ளைகள், நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம், இரண்டணாக் கூலி. அதன் பலனாக 1933இல் குழந்தை உழைப்பு அடகுச் சட்டம் வந்தது. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது. நல்ல சட்டம், தொண்ணூறு ஆண்டு தாமதம் என்று சொல்லிவிட்டு நகரலாம். நகர முடியவில்லை, தண்டனைப் பகுதியைப் பாருங்கள். ஒப்பந்தம் செய்யும் எசமானுக்கு 200 ரூபாய் வரை அபராதம். அடகு வைக்கும் பெற்றவருக்கு 50 ரூபாய் வரை அபராதம். நான்கில் ஒரு பங்குதானே, எசமானுக்குத்தானே கூடுதல் என்று தோன்றும். எசமானுக்கு 200 ரூபாய் ஒரு வேளாண் செலவு. கூலிக்காரனுக்கு 50 ரூபாய் பல மாத வாழ்க்கை. அதைவிட, புகார் கொடுக்கப் போகும் தகப்பன் தன் வாயாலேயே தன்னைக் குற்றவாளி என்று சொல்லியாக வேண்டும். நூறாண்டாக வழக்குக்கு வராதவனை இனியும் வரவிடாமல் செய்ய இதைவிட நல்ல பூட்டு கிடைக்காது. சட்டம் எழுதியவர்களுக்குத் தீய எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஏழைத் தகப்பன் பிள்ளையை விற்பவன் என்ற எண்ணம் அவர்கள் மனதில் ஆழமாக உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். மேரிலாந்து நீதிபதிகளின் மனதிலும் அதுதான் உட்கார்ந்திருந்தது.

விடுதலைக்குப் பின் ராஜாஜி அரசு 1952இல் பண்ணையாள் பாதுகாப்புக்குச் சட்டம் கொண்டுவந்தபோது அது தஞ்சாவூருக்கு என்றே எழுதப்பட்டது. அங்கே சங்கம் இருந்தது, செங்கொடி இருந்தது. மதுரைப் படியாள் காத்திருந்தான். அவனுக்குச் சட்டம் வந்தது நெருக்கடி நிலைக் காலத்தில்: 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக, 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமாக. காலம் எப்படிப்பட்டதாக இருந்தாலும் இந்தச் சட்டத்தை எழுதியவருக்குக் கிராமம் தெரிந்திருக்கிறது. தான் வாங்கிய கடன், முன்னோர் வாங்கிய கடன், வழக்கத்தால் வந்த கடமை, வாரிசாக இறங்கிய கடமை, சாதியால் வந்த கடமை, எல்லாவற்றையும் பெயர் சொல்லி அடித்திருக்கிறார். தானோ தன் குடும்பத்தாரில் ஒருவரோ உழைத்துத் தீர்ப்பது என்று எழுதிக் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டார். கடனே அற்றுப்போகிறது. குடியிருக்கும் மனையிலிருந்து விடுதலையானவரை வெளியேற்றக்கூடாது. கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கொடுத்தவர் தலையில். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் ஓலை உண்மை என்றால் போதும். இங்கே ஓலை காட்டுகிறவன்தான் பதில் சொல்ல வேண்டும். 1843இன் நான்கு பிரிவுகளையும் இதையும் பக்கத்தில் வைத்துப் படிக்குமாறு சட்டக் கல்லூரி மாணவர்களை நான் எப்போதும் கேட்டுக்கொள்வேன்.

சட்டம் வந்து இருபது ஆண்டு கழித்து, உச்ச நீதிமன்றம் கேட்டதன் பேரில் தமிழ்நாட்டில் ஆய்ந்து 1995இல் கொடுக்கப்பட்ட அறிக்கை, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாகச் சொன்னது. அடுத்த ஆண்டு, 1996 டிசம்பரில், சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் தொடங்கிய எம். சி. மேத்தா வழக்கில் அதே நீதிமன்றம் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேலை கொடுத்தவர் 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்றது. பிள்ளை வீடு திரும்பினால் அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும் என்றும் சொன்னது. பெற்றவருக்கு வருமானம் இல்லாமல் பிள்ளை மீதான உரிமை நிலைக்காது என்பதை ஒரு நீதிமன்றம் ரூபாய்க் கணக்கில் ஒப்புக்கொண்ட இடம் அது. அபராதம் கட்டச் சொன்ன 1933க்கும் வேலை கொடுக்கச் சொன்ன 1996க்கும் நடுவே பெற்றவரைப் பார்த்த பார்வை மாறியிருக்கிறது.

இன்றைக்கு நம் பக்கத்தில் பிள்ளையை விடும் இடங்கள் மாறிவிட்டன. மாட்டுத் தொழுவம் குறைந்துவிட்டது. உசிலம்பட்டி, தேனி வட்டாரங்களில் விசாரித்தால் முறுக்குக் கம்பெனி என்பார்கள். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் வடக்கே இன்னும் தூரத்திலும் நம்மவர்கள் நடத்தும் தின்பண்டக் கொட்டகைகள். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பையனை ரயிலேற்றுவார்கள். விடியற்காலையிலிருந்து எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்க வேண்டும். மீட்டுக் கொண்டுவரும் செய்தி அவ்வப்போது நாளிதழில் வருகிறது. டெல்டாவில் கஜா புயலுக்குப் பிறகு, கூரை இழந்த குடும்பங்கள் பையன்களை ஆட்டுக்கிடை போடுபவர்களிடம் விட்டதும் நாளிதழ்களில் வந்தது. திண்டுக்கல், விருதுநகர் பக்கத்து நூற்பாலைகளில் பெண் பிள்ளைகளை மூன்று ஆண்டுக்குப் பயிற்சியாளர் என்று சேர்த்து, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொன்ன சுமங்கலி திட்டத்தை உங்களில் பலர் நேரிலேயே அறிவீர்கள். விடுதிக்கு வெளியே காவலாளி. தாய் வந்து பார்க்க நாள் குறித்திருப்பார்கள். பாதியில் வந்துவிட்டால் சேர்ந்த பணம் போயிற்று.

மீட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் பிள்ளை யாருக்கு என்ற கேள்வி மறுபடி எழுகிறது. இப்போது அதைத் தீர்க்க ஓர் அமைப்பு இருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி மீட்கப்பட்ட பிள்ளை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் வருகிறது. பிள்ளையைப் பெற்றோரிடம் அனுப்பலாமா, இல்லத்தில் வைக்கலாமா என்பதை அந்தக் குழு முடிவு செய்யும். கடினமான வேலை. அட்வான்ஸ் வாங்கிய தகப்பன் எதிரில் நிற்கிறான். திரும்ப அனுப்பினால் திரும்பவும் ரயிலேற்றுவான் என்று தோன்றும். இல்லத்தில் வைத்தால் பையன் இரவெல்லாம் அம்மாவைக் கேட்டு அழுவான். குழு உறுப்பினர்களைக் குறை சொல்வது எளிது, நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கேட்பேன். அந்த அறையில் தகப்பனின் குணத்தை அளக்கும் நேரத்தில் பாதியாவது, அவன் கடன் என்ன ஆயிற்று என்று கேட்கச் செலவாகிறதா?

அந்தக் கேள்விக்கு விடை தரும் காகிதம் ஒன்று ஏற்கனவே இருக்கிறது. சார் ஆட்சியரோ வருவாய்க் கோட்டாட்சியரோ விசாரித்துக் கொடுக்கும் விடுதலைச் சான்றிதழ். 2016ஆம் ஆண்டு மத்திய அரசுத் திட்டப்படி மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் பிள்ளைக்கும் 2 லட்சம், கடத்தல் போன்ற கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டால் 3 லட்சம். முழுத் தொகைக்கு வழக்கு முடிய வேண்டும் என்பது ஒரு பெரிய கல். ஆனாலும் நான் சான்றிதழை வலியுறுத்துவது அந்தப் பணத்துக்காக மட்டும் இல்லை. வேறு மாநிலத்தில் மீட்கப்படும் பையனை அந்த ஊர் அதிகாரிகள் ரயிலேற்றி அனுப்பிவிட்டு, சான்றிதழ் எழுதாமல் விட்டுவிடுவது பல முறை நடக்கிறது. பிள்ளைத் தொழிலாளர் என்று ஒரு வழக்குப் போட்டால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். பையன் வீடு வந்து சேர்கிறான். அவனுக்குப் பின்னாலேயே ஏஜெண்டும் வருகிறார்: பையன் வேலையை முடிக்காமல் வந்துவிட்டான், அட்வான்ஸைத் திருப்பு, இல்லை தம்பியை அனுப்பு.

தாய் அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்வதில்லை. சொல்ல வேண்டியது இது: அந்த அட்வான்ஸ் 1976 சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி இல்லாமல் போய்விட்டது. அதைக் கேட்டு வாங்குவது 9ஆம் பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறையில் வைக்கக்கூடிய குற்றம். பயந்துபோய் அவள் ஏற்கனவே கொடுத்திருந்தாலும் குற்றம் வாங்கியவருடையதே. வாங்கிய தொகையை நீதிமன்றத்தில் கட்டச் சொல்லி அவளுக்கே திருப்பித் தரவும் அதே பிரிவில் இடம் இருக்கிறது. இதைத் தமிழில் பத்து வரியில் அச்சிட்டு, சான்றிதழோடு சேர்த்து, தகப்பன் கையில் கொடுப்பதோடு நிற்காமல் தாயிடம் படித்துக் காட்டியும் கொடுக்க, அதே சட்டத்தின்படி அமையும் மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கு எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை.